மலையகத்தில் நடன உடற்பயிற்சி வகுப்புக்கு ஆயத்தமாவது எப்படி

நடன உடற்பயிற்சி வகுப்பு என்பது ஏறத்தாழ ஒரு மணிநேரம் இசைக்கேற்ப உடல் முழுவதையும் அசைத்து, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தசைகளுக்கும் வேலை கொடுக்கும் பயிற்சியாகும். இவ்வகை வகுப்புகளில் இன்று அதிகம் பேசப்படும் ஸும்பா, கொலம்பியா நாட்டின் காலி நகரில் 1990களில் அல்பேர்ட்டோ பேரெஸ் என்ற நடனப் பயிற்றுநரால் தொடங்கப்பட்டு, 2001இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனமாக உருப்பெற்றது. சல்சா, மெரெங்கே, கும்பியா, ரெகேட்டன் ஆகிய இலத்தீன் அமெரிக்க, கரீபிய ஆட்டங்கள் அதன் அடிப்படை. நமது ஊர் வகுப்புகளில் தமிழ், சிங்கள, ஹிந்திப் பாடல்களும் அவற்றோடு கலந்துவிடுகின்றன.

இத்தகைய வகுப்புக்கு எப்படி ஆயத்தமாவது என்று தேடிப் படித்தால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, வெப்பமான நகரமொன்றில் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டுக் குளிரூட்டிய மண்டபத்துக்குச் செல்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இலங்கையின் மலையக ஊர்களான ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ வகுப்புக்குச் செல்பவர் குளிரிலிருந்து வருகிறார், குளிருக்கே திரும்பிப் போகிறார். பகல் முழுவதும் ஏற்ற இறக்கங்களில் கால்களைப் பயன்படுத்திவிட்டே வருகிறார். ஆகவே உடலைச் சூடாக்கி அந்தச் சூட்டைக் காப்பதும், அன்றைய உழைப்பை அறிந்து பயிற்சியின் அளவைத் தீர்மானிப்பதும்தான் இங்கே ஆயத்தத்தின் பெரும்பகுதியாகும்.

சேருவதற்கு முன்

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா, மூட்டுநோய் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் பிரசவமோ சத்திரசிகிச்சையோ கண்டவர்களும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே வகுப்பில் சேர வேண்டும். படியேறும்போது நெஞ்சில் இறுக்கமோ, காரணமில்லாத தலைச்சுற்றோ, மயக்கமோ ஏற்பட்ட அனுபவம் இருந்தால், நோய் என்று இதுவரை எவரும் சொல்லாதிருந்தாலும் முதலில் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 35 வயதைக் கடந்தவர்களின் இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தில் சீனியின் அளவையும் இலவசமாகப் பரிசோதிக்கும் நிலையங்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அங்கு ஒரு முறை சென்று வருவது நல்லது.

மலையகப் பெண்களிடம் நான் குறிப்பாக வலியுறுத்த விரும்புவது இரத்தச்சோகையைப் பற்றியது. இரும்புச்சத்துக் குறைவினால் வரும் இரத்தச்சோகை பெருந்தோட்டப் பெண்களிடையே நெடுங்காலமாக உள்ள பிரச்சினையாகும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் தசைகளுக்குப் போகும் ஒட்சிசனும் குறைகிறது. இரண்டாவது பாட்டிலேயே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, மறுநாள் எழுந்திருக்க முடியாத சோர்வு வருகிறது. இதனைச் சோம்பல் என்றோ, தனக்கு ஆட வராது என்றோ எண்ணிக்கொண்டு பலர் வகுப்பை விட்டுவிடுகிறார்கள். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும். குறைபாடு இருந்தால் வைத்தியர் தரும் மாத்திரைகளால் பெரும்பாலும் சீராக்கிவிடலாம்.

இதனோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய பழக்கமொன்று உண்டு. சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் தேத்தண்ணீர் குடிப்பது நமது வீடுகளில் வழமையானது. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. தேத்தண்ணீரை விட வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் அதற்குமிடையே ஒரு மணிநேர இடைவெளி விட்டால் போதும். முருங்கைக்கீரை, பொன்னாங்காணி, பயறு போன்றவற்றோடு தேசிக்காய்ப்புளி சேர்த்துக்கொண்டால், அதிலுள்ள விற்றமின் சி இரும்புச்சத்து உடலில் சேர்வதற்கு உதவும்.

அன்றைய உழைப்பைக் கணக்கில் எடுத்தல்

மலையேறி இறங்குபவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலை உடலை வருத்தும் வேலைதான்; ஆனால் அது ஒரே விதமான அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது. முன்னோக்கிச் சாய்ந்த முதுகும், இடைவிடாது இயங்கும் விரல்களும், கூடைக் கயிற்றைத் தாங்கும் தலையும் கழுத்தும் பாரத்தைச் சுமக்கின்றன. பக்கவாட்டில் நகர்வதும், இடுப்பைச் சுழற்றுவதும், கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி நெஞ்சை விரிப்பதும் அந்த வேலையில் மிகக் குறைவு. நடன வகுப்பு தருவது அவற்றைத்தான். அத்துடன், ஒரு பெண் எவருடைய கணக்குக்காகவும் அல்லாமல் தனக்காகவே உடலை அசைக்கும் நேரமாகவும் அது இருக்கிறது. அதன் மதிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எனினும் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்திலிருந்து நேரே வகுப்புக்கு வருபவரும், வங்கியிலோ பாடசாலையிலோ வேலை முடிந்து வருபவரும் ஒரே அளவில் ஆட வேண்டியதில்லை. சரிவில் இறங்கும்போது தொடையின் முன்புறத் தசைகள் உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்திக்கொண்டே நீள்கின்றன. தசையைக் கூடுதலாகக் களைப்படையச் செய்வது இந்த வகை வேலைதான். களைத்த தொடை முழங்காலைச் சரியாகத் தாங்காது. ஆகவே மலையில் வேலை செய்த நாளில் துள்ளல்களையும் ஆழமாகக் குந்தும் அசைவுகளையும் தவிர்த்து, அதே அசைவைக் கால் தரையை விட்டு எழாமல் செய்ய வேண்டும். பயிற்றுநரிடம் அதனை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வகுப்புக்கு முன் பத்து நிமிடமாவது கூடையில்லாமல் உட்கார்ந்து, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றி, தலையை மெதுவாக இரு பக்கமும் சாய்த்துக் கழுத்தைத் தளர்த்திக்கொள்வது மிகுந்த பயன் தரும். அலுவலகத்திலிருந்து வருபவர்களுக்கு இதற்கு மாறாக, இடுப்பையும் கால்களையும் எழுப்பிவிட ஐந்து நிமிட நடை தேவைப்படும்.

உயரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு அளவே. அங்கேயே வாழ்பவரின் உடல் அதற்குப் பழகிவிட்டிருக்கும். ஆனால் கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊர் வந்து, தங்கையோடு வகுப்புக்குப் போகும் ஒருவருக்கு வழமையான அசைவுகளே மூச்சு வாங்க வைக்கும். வந்த முதல் சில நாட்களில் பாதி வேகத்தில் ஆடுவதே முறை.

உடையும் சப்பாத்தும்

உடலோடு ஒட்டிய மெல்லிய உடையொன்று, அதன் மேல் கம்பளிச் சட்டை, வெளியே மழைக்கவசம் என்று அடுக்காக அணிந்து செல்ல வேண்டும். தடித்த ஒரே சட்டையை அணிந்து சென்றால், ஆடும்போது அது வியர்வையில் நனைந்துவிடும். வீடு திரும்பும்போது அணிய வேறு இருக்காது. சுரிதார் அணிபவர்கள் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். காற்சட்டையின் அடிப்பகுதி காலில் சிக்காத நீளத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்கு மார்பை நன்றாகத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை அவசியம். சங்கிலி, வளையல், கொலுசு ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

சப்பாத்து விடயத்தில் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். ஓட்டப்பயிற்சிக்கான சப்பாத்துகள் முன்னோக்கிய அசைவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் அடிப்பகுதி தரையை இறுகப் பற்றிக்கொள்ளும். நடனத்தில் உடல் திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால், அந்த முறுக்கு முழங்காலுக்குப் போய்ச் சேரும். அடிப்பகுதி ஓரளவு வழவழப்பாகவும், பக்கவாட்டில் பாதத்தைத் தாங்குவதாகவும், குதிகாலில் மெத்தென்றும் உள்ள சப்பாத்தே ஏற்றது. பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து மலிவானது, ஆனால் அதிர்ச்சியைத் தாங்காது. வாசிகசாலை மண்டபங்களும் கோயில் மண்டபங்களும் சமூக மண்டபங்களும் பெரும்பாலும் சீமெந்துத் தரை கொண்டவை; அந்தத் தரையில் மெத்தென்ற அடிப்பகுதி இல்லாமல் துள்ளினால் கணைக்காலின் முன்புறத்தில் வலி தொடங்கிவிடும். கடைக்கு மாலையில் செல்வது நல்லது, ஏனெனில் பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்குப் பொருந்துவதே ஆடும்போதும் பொருந்தும்.

அந்தச் சப்பாத்தை வீதியில் அணியக் கூடாது. சேறும் சிறு கற்களும் ஒட்டிய அடிப்பகுதி மண்டபத்தில் வழுக்கும். செருப்பிலோ மழைக்காலச் சப்பாத்திலோ சென்று, கால்களைத் துடைத்து, தோட்டப் பாதையால் வந்தவர்கள் அட்டை ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, மண்டபத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். வகுப்பு முடிந்ததும் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் ஈரம் இழுபட்டுவிடும். அடுப்படியில் வைத்து உலர்த்தினால் பசை விட்டுப்போகும்.

சாப்பாடும் தண்ணீரும்

வயிறு நிறைய உண்ட ரொட்டியோ சோறோ செரிக்க இரண்டு முதல் மூன்று மணிநேரம் தேவை. மாலை வகுப்பாயின் மதிய உணவை வழமைபோல் உண்டு, வகுப்புக்கு முக்கால் மணிநேரத்துக்கு முன் ஒரு வாழைப்பழமோ, இரண்டு பிஸ்கட்டுகளோ எடுத்துக்கொண்டால் போதும். வெறும் வயிற்றில் பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு வருவது பலரிடம் உள்ள பழக்கம். அது தலைச்சுற்றில் முடியலாம். இன்சுலினோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளோ பயன்படுத்தும் நீரிழிவு நோயாளர்கள், பயிற்சியின்போது சீனி திடீரெனக் குறையக் கூடும் என்பதால், இனிப்பொன்றைக் கையில் வைத்திருப்பதோடு, அருகில் ஆடுபவரிடம் தம் நிலையைச் சொல்லிவைக்க வேண்டும். கை நடுக்கம், திடீர் வியர்வை, பசி, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றியவுடன் ஆட்டத்தை நிறுத்தி இனிப்பை உண்ண வேண்டும்.

குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வியர்வையிலும் மூச்சிலும் நீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று, மலையில் மலசலகூட வசதி இல்லாத காரணத்தால் பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் பலர் இருக்கிறார்கள் என்பதாகும். அவர்கள் வகுப்புக்கு வரும்போதே உடலில் நீர் குறைந்திருக்கும். அத்தகையவர்கள் வேலை முடிந்தவுடனேயே குடிக்கத் தொடங்கி, வகுப்புக்கு முன் சிறிது சிறிதாக அரை லீற்றர் அளவாவது குடித்திருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்க மனம் வராவிட்டால், கொதித்தாறிய தண்ணீரை இளஞ்சூட்டுடன் போத்தலில் கொண்டுபோகலாம். குடிக்கும் அளவு அதனால் தானாகவே கூடும்.

வீட்டில் பழகக் கூடிய அடிகள்

நடனம் தெரியாது என்று தயங்குபவர்கள் வகுப்புக்கு முன் ஒரு வாரம், நாளுக்குப் பத்து நிமிடம் வீட்டில் பழகினால் தயக்கத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். தோட்டக் குடியிருப்பின் லயன் அறையில் இடமில்லை என்றால் அதன் முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று செய்யலாம். இரண்டு எட்டு நகரும் இடமே போதுமானது. பெரும்பாலான பாடல்களில் அசைவுகள் எட்டு எண்ணிக்கைகளாகப் பிரிந்து, திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே முதலில் ஒரு பாட்டைப் போட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக் கைதட்டிப் பழக வேண்டும்.

அடுத்ததாக நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, ஒவ்வோர் அடியிலும் இடுப்பு தானாக ஆட விட்டால் அதுவே மெரெங்கேயின் அடிப்படை. பின்னர் வலக்காலைப் பக்கத்தில் வைத்து இடக்காலைச் சேர்ப்பதும், அதனையே இடப்பக்கம் செய்வதும். மூன்றாவதாக வலக்காலைப் பக்கத்தில் வைத்து, இடக்காலை அதன் பின்னால் குறுக்காக வைத்து, மீண்டும் வலக்காலைப் பக்கத்தில் வைத்து, இடக்காலைச் சேர்த்து நிற்பது. இந்த மூன்றும் காலில் படிந்துவிட்டால் பயிற்றுநர் செய்யும் அசைவுகளில் பெரும்பாலானவற்றைப் பின்தொடர முடியும். கும்மியிலும் கோலாட்டத்திலும் வளர்ந்தவர்களுக்கும், காமன் கூத்தில் தப்பொலிக்கு ஏற்பக் காலடி வைத்தவர்களுக்கும் இது புதிதே அல்ல. தாளம் மாறும் நொடியில் உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் அறிவு அவர்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

திரும்புவதைத் தனியாகப் பழக வேண்டும். குதிகாலைச் சற்று உயர்த்தி, முன்பாதத்தின் மீது திரும்பும்போது முழங்காலும் கால்விரல்களும் ஒரே திசையை நோக்கியிருக்க வேண்டும். கால் ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமுமாக நிற்கும் எந்த அசைவும் தவறானது. கைகளைப் பற்றி முதல் இரண்டு வாரங்கள் கவலைப்படத் தேவையில்லை. கால் சரியாக வந்த பின் கை தானாகச் சேர்ந்துகொள்ளும்.

குளிர் நாளில் உடலைச் சூடாக்குதல்

வெப்பமான ஊரில் ஐந்து நிமிடத்தில் சூடாகும் உடலுக்கு இங்கே, அதிலும் தை, மாசிப் பனிக்காலத்தில், பத்து நிமிடத்துக்குக் குறையாமல் தேவைப்படும். வகுப்பில் அதற்கு ஒதுக்கும் நேரம் குறைவாக இருந்தால், முன்கூட்டியே சென்று தாமாகச் செய்துகொள்ள வேண்டும். ஏற்றத்தில் நடந்து வகுப்புக்கு வருவதும் உடலைச் சூடாக்கும். ஆனால் வந்து சேர்ந்த பின் கால் மணிநேரம் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தால் அந்தப் பயன் போய்விடும். நின்ற இடத்தில் நடப்பது, தோள்களைச் சுழற்றுவது, இடுப்பை வட்டமாக அசைப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலைச் சிறிதளவு மடக்கி நிமிர்வது என்று சிறிய அசைவிலிருந்து பெரிய அசைவுக்குப் போக வேண்டும். தசையை ஓரிடத்தில் இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சிகளை முடிவுக்கு ஒதுக்கிவிடலாம். கம்பளிச் சட்டையை வியர்வை அரும்பத் தொடங்கும் வரை கழற்றக் கூடாது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் கட்டம் மிக முக்கியமானது. குளிர்ந்த, உலர்ந்த காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழாய்கள் சுருங்கக் கூடும். படிப்படியாகச் சூடேறுவதும் இயன்றவரை மூக்கால் மூச்சை இழுப்பதும் அதனைக் குறைக்கும். பயிற்சிக்கு முன் பம்ப் (இன்ஹேலர்) எடுக்குமாறு வைத்தியர் சொல்லியிருந்தால் தவறாமல் எடுக்க வேண்டும். அது பையில் அல்ல, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வகுப்பின்போது

முதல் நாள் பயிற்றுநர் நன்றாகத் தெரியும் இடத்தில், நடு வரிசையில் நிற்பது நல்லது. கடைசி வரிசையில் ஒளிந்து நின்றால், உடல் திரும்பும் அசைவுகளில் பின்பற்ற எவரும் இருக்க மாட்டார்கள். வேகத்தின் அளவை அறியப் பேச்சே போதுமானது: தொடர்ந்து பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். பேசவே முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நாடித்துடிப்பை அளப்பவர்கள் 220இலிருந்து வயதைக் கழித்து, வரும் எண்ணின் 50 முதல் 70 வீதம் வரை வைத்துக்கொள்ளலாம். 40 வயதுடையவருக்கு அது நிமிடத்துக்கு 90 முதல் 126 வரை. அட்டெனொலோல் போன்ற மருந்துகள் நாடியைக் குறைப்பதால் அவற்றை எடுப்பவர்கள் இந்தக் கணக்கை நம்பாமல் பேச்சளவையே கொள்ள வேண்டும். நெஞ்சுவலி, தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

முடிந்த பின்

கடைசிப் பாட்டு முடிந்தவுடன் உட்கார்ந்துவிடக் கூடாது. கால்களில் விரிந்திருக்கும் இரத்தக்குழாய்களில் இரத்தம் தங்கி, தலை சுற்றும். ஐந்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு, கெண்டைக்கால், தொடையின் முன்புறம், பின்புறம், இடுப்பு, கழுத்து ஆகியவற்றை ஒவ்வொன்றாக 20 முதல் 30 விநாடிகள் வரை இழுத்துப் பிடிக்க வேண்டும். கொழுந்துக்குச் செல்பவர்கள் கெண்டைக்காலுக்கும் கழுத்துக்கும் இரு மடங்கு நேரம் ஒதுக்கலாம். அதன் பின் நனைந்த உடையை மண்டபத்திலேயே மாற்றிவிட வேண்டும். வியர்வையில் ஊறிய சட்டையோடு பனிக்காற்றில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது உடற்சூட்டை வேகமாகப் பறித்துவிடும். உலர்ந்த உள்சட்டையொன்று, துவாய், தொப்பி, கழுத்தைச் சுற்றும் துணி ஆகிய நான்கும் பையில் எப்போதும் இருக்க வேண்டும். கடைசி பஸ்ஸின் நேரத்தை அறிந்தே வகுப்பைத் தெரிவுசெய்ய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையிலான தென்மேல் பருவமழையில் ஹட்டன் பக்கத்திலும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான வடகீழ் பருவமழையில் பதுளை பக்கத்திலும் பாதைகள் மோசமாகும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் பழகினால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு வகுப்புகள், அவற்றுக்கிடையே ஒரு நாளாவது ஓய்வு என்று அமைத்து, மூன்று நான்கு வாரங்களின் பின் மூன்றாவதைச் சேர்க்கலாம். முதல் வகுப்பின் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைகள் வலிப்பது இயல்பு. அது இரு கால்களிலும் பரவலாக இருக்கும், நடக்க நடக்கக் குறையும், சில நாட்களில் தானாகத் தீரும். ஒரு முழங்காலில் மட்டுமோ, கணைக்கால் எலும்பின் ஓரிடத்தில் மட்டுமோ குத்தும் வலி, வீக்கம், நடந்தால் கூடும் வலி ஆகியவை வேறு வகை. அவை இருக்கும்போது எண்ணெய் தடவிக்கொண்டு மீண்டும் ஆடப் போகாமல், வலி தீரும் வரை நிறுத்தி வைத்து, ஒரு வாரத்தில் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.